காரின் புத்தகத்தில் இருந்த விலாசம்

அந்தக் கார் என்னைவிட நாலைந்து வயது மூத்தது. கறுப்பு நிற ஏ போர்ட்டி, இங்கிலாந்தில் செய்தது. கிளிநொச்சியை விட்டு முள்ளியவளைக்கு இடம்பெயர்ந்து வந்து, ஒரு வருடம் கையைப் பிசைந்துகொண்டு இருந்தபிறகு, தொண்ணூற்றேழில் புதுக்குடியிருப்பில் ஒருவரிடம் அதை வாங்கினேன். பெற்றோல் கண்ணிலும் காணாத காலம். குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் நாலு சொட்டு விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். கார் போகிற இடமெல்லாம் குசினி மணக்கும். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, கலியாணம், செத்தவீடு என்று ஊரின் எல்லா அவசரங்களுக்கும் நான்தான் ஓடினேன். அந்தக் கார்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது.

அப்போது வன்னிக்குள் கார் வாங்குவது என்றால் காரின் புத்தகத்தை வாங்குவதுதான். அந்தப் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளரின் பெயரும் விலாசமும் இருக்கும். அதோடு ஒரு மாற்றுப் படிவமும் வரும். விற்றவர் அதில் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார். திகதியும் வாங்கியவரின் பெயரும் வெறுமையாக இருக்கும். பதிய வேண்டுமென்றால் கொழும்புக்குப் போகவேண்டும், போகப் பாதை இல்லை. அதனால் அந்தப் படிவம் அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும், பிறகு அதற்கடுத்தவர் கைக்கு. கடைசியாகப் புத்தகமும் படிவமும் யார் பெட்டிக்குள் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். நாலு பேர் கைமாறியிருந்தாலும் கொழும்பில் இருக்கும் பதிவேட்டுக்கு அது தெரியாது. என்ன நடந்தாலும் புத்தகத்தை மட்டும் கையைவிட்டு விடாதே என்பதுதான் எங்கள் தொழிலின் வேதவாக்கு.

என் புத்தகத்தில் இருந்த பெயர் ஒரு முஸ்லிம் வியாபாரியுடையது. விலாசம் தண்ணீரூற்று. நான் இருந்த வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கில் இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது அவரும் குடும்பத்தோடு போய்விட்டார். அந்த ஒழுங்கையால் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். கூரை இல்லாத சுவர், அதற்குள் முழங்காலளவு பற்றை. ஒரு நாளும் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்க்கவில்லை. காரை விற்றவர், அந்த வியாபாரி போகமுதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டுப் போனார் என்று சொன்னார். நானும் நம்பினேன். சில மணித்தியாலத்துக்குள் பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிற மனிதன் ஆறுதலாக இருந்து படிவம் நிரப்புவானா என்று யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். யோசிக்காமல் விட்டது என் வசதிக்குத்தான்.

இரண்டாயிரத்து இரண்டில் பாதை திறந்தது. சனமெல்லாம் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் ஓடியது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள். ஏற்றிவர வாகனம் கேட்டு என் படலையில் ஆட்கள் நின்றார்கள். எனக்கோ ஓமந்தைக்கு அங்கால் காரைக் கொண்டுபோக வழியில்லை. வன்னிக்குள் ஓடுவதற்கு உள்ளூர் நிர்வாகம் தந்த இலக்கத் தகடு ஒன்று, என் பெயரில் பதிந்து, காரின் முன்னால் பூட்டியிருந்தது. ஓமந்தை இராணுவச் சாவடிக்கு அப்பால் அது வெறும் தகரம். அங்கே நின்றவர் புத்தகத்தைப் பார்த்தார், என் அடையாள அட்டையைப் பார்த்தார், புத்தகத்தில் இருக்கிற ஆள் எங்கே என்று கேட்டார். நான் எரிந்து விழுந்தேன். அவர் கையைக் காட்டி காரைத் திருப்பச் சொன்னார். பின் இருக்கையில் இருந்த சனத்தைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வெறும் காரோடு திரும்பி வந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

கொழும்பில் விசாரித்தபோது, பழைய படிவம் இனிச் செல்லாது, பதிவில் உள்ளவரே புதுப் படிவத்தில் கையெழுத்திட்டு அடையாள அட்டைப் பிரதியும் தரவேண்டும் என்றார்கள். குறுக்கு வழி காட்ட இரண்டு தரகர்கள் வந்தார்கள். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று அவர்களை அனுப்பிவிட்டேன். பாதை திறந்தபிறகு பாத்திரம் விற்க வந்து போகும் ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் புத்தகத்தில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டேன். அந்த ஆள் புத்தளத்துப் பக்கம் ஓர் அகதிக் குடியிருப்பில் இருக்கிறார் என்று வழியும் சொல்லித் தந்தார்.

வெறுங்கையோடு போகக்கூடாதென்று முல்லைத்தீவுக் கருவாடு ஒரு பொதி கட்டினேன். புத்தளத்துக்குக் கருவாடு கொண்டு போகிறது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான் என்று மனைவி சிரித்தாள். பிறகு அவளே ஒரு போத்தல் காட்டுத்தேனும் எடுத்து வைத்தாள்.

வவுனியாவில் பஸ் மாறி, அநுராதபுரம் கடந்து புத்தளம் போய்ச் சேரப் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. பதின்மூன்று வருடமாகியும் கிடுகு வீடுதான். முன்னால் ஒரு சின்னப் பெட்டிக்கடை. அதற்குள் இருந்த மனிதர் என்னைவிடப் பத்து வயது கூடியவர். மெலிந்த உடம்பு, வெள்ளைத் தாடி. முள்ளியவளையிலிருந்து வருகிறேன் என்றதும் கடையை அப்படியே விட்டுவிட்டு எழும்பி வந்தார். நான் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. குளத்தில் தண்ணீர் நிற்கிறதா, பள்ளிவாசல் சுவர் நிற்கிறதா, சந்தியில் இருந்த புளியமரம் நிற்கிறதா என்றுதான் கேட்டார். புளியமரம் நிற்கிறது என்றேன். மற்ற இரண்டையும் பற்றி எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

தேத்தண்ணீர் வந்தபிறகு புத்தகத்தையும் பழைய படிவத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் படிவத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது என்ர கையெழுத்தில்லையே."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. நான் களவெடுக்கவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்கினேன், ஆறு வருடம் என் கையால் கழுவித் துடைத்து ஓட்டுகிறேன் என்று ஒரு மூச்சுப் பிரசங்கம் செய்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, நான் உங்களைக் கள்ளன் என்று சொல்லவில்லையே தம்பி என்று மெல்லச் சொன்னார். ஊரைவிட்டுப் போகும்போது, புத்தகம் காருக்குள்ளேயே கிடக்க, காரைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு கிழமையில் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாராம்.

அதற்குப் பிறகுதான் அவர் புத்தகத்தைத் திறந்தார். பெயர் இருந்த பக்கத்தைக் கட்டியிருந்த சாரத்தால் துடைத்தார். உள்ளே பார்த்துக் கூப்பிட, திரைக்குப் பின்னால் நின்ற அவருடைய மனைவி வெளியே வந்தா. இவர் விலாசத்தை எழுத்தெழுத்தாக வாசித்தார். வீட்டு இலக்கம், ஒழுங்கை, தண்ணீரூற்று, முல்லைத்தீவு. அவா முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

ஊருக்குத் திரும்பிப்போக அவர் விண்ணப்பம் போட்டிருந்தார். அங்கே இருந்ததற்கு ஏதாவது அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்று முல்லைத்தீவு அரசாங்கக் கந்தோரில் கேட்டிருக்கிறார்கள். காணி உறுதி, கடை அனுமதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் வீட்டு அலுமாரிக்குள் விட்டுவிட்டு வந்தவர்கள். வீடே இல்லாதபோது அலுமாரி எங்கே இருக்கும்? ஊரின் பழைய பதிவுகள் எங்கே போயின என்றும் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அங்க இருந்தனான் எண்டதுக்கு ஒரு துண்டுக் கடுதாசி என்னட்ட இல்ல தம்பி," என்றார். "இதொண்டுதான் இருக்கு. மூண்டு மாசத்துக்கு இதை என்னட்ட விட்டுட்டுப் போங்க. காட்டிப்போட்டு உங்கட கையிலயே தாறன். கார் உங்கடதான்."

நான் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் ஏமாற்றுவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கை விடவில்லை. ஆறு வருடப் பழக்கம். கடைசியில் ஒரு வழி சொன்னேன். கையெழுத்தை இப்போதே தாருங்கள், பெருநாள் முடிய வவுனியாவுக்கு வாருங்கள், நானே காரில் ஏற்றிப்போய்ப் புத்தகத்தைக் காட்டி உங்கள் வேலையை முடித்துத் தருகிறேன், அதற்குப் பிறகுதான் கொழும்புக்குப் போவேன் என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு பிஸ்மி சொல்லிப் புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், மூன்று மாதத்தில் வானமா இடிந்து விழப்போகிறது என்றாள். உனக்குத் தொழில் தெரியாது, வாயை மூடு என்றேன். அவள் மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அவள் வாயை மூடினால் நான் பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்கிடையில் கனடாவிலிருந்து வரும் ஒரு குடும்பத்தைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றிவந்து, ஒரு மாதம் கோயில் குளமெல்லாம் கொண்டுபோய்க் காட்டும் ஓட்டம் ஒன்று கிடைத்தது. பழைய காரில்தான் போகவேண்டும் என்று அந்தப் பெரியவருக்கு ஆசை. அவருடைய தகப்பனும் ஓர் ஏ போர்ட்டி வைத்திருந்தவராம். நான் மனதுக்குள் கணக்கெல்லாம் போட்டுச் சரிப்படுத்தினேன். மாற்றிய பிறகு பழைய புத்தகத்தில் முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள் என்று ஒரு தரகர் சொன்னார். முன்பு நான் துரத்திவிட்ட அதே தரகர். இப்போது அவர் பேச்சு எனக்கு இனித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று புத்தகத்தை இரண்டு போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன்.

வாகனப் பதிவுக் கந்தோரில் ஒரு நாள் முழுக்க வரிசை. என் முறை வந்ததும் யன்னலுக்கு உள்ளே இருந்த பெண் புத்தகத்தை விரித்து, அவருடைய பெயருக்கும் விலாசத்துக்கும் மேலால் சிவப்புப் பேனையால் கோடு இழுத்து, ஒரு கோவைக்குள் வைத்துக் கட்டினா. புத்தகம் திரும்பக் கிடையாதா என்று கேட்டேன். அது இனி இங்கேதான், உங்களுக்குப் புதுப் பத்திரம் வரும் என்றா. பிழை அவாவுடையதல்ல, அவா தன் வேலையைச் செய்தா. ஆனால் கோவையின் நாடாவைக் கட்டிமுடிக்க அவாவுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பொறுங்கோ, இன்றைக்கு வேண்டாம், பிறகு வாறன் என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். எனக்கு வாயும் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய வாய். நான் சொல்லவில்லை.

பத்திரம் வந்தது. என் பெயர், என் முள்ளியவளை விலாசம். முந்திய உரிமையாளர் என்ற இடத்தில் அவருடைய பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. பெயர் மட்டும்தான், ஊர் இல்லை. ஓமந்தையில் அதை நீட்டினேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். சாவடியைத் தாண்டியதும் பெரிதாக ஒரு ஹோர்ன் அடித்தேன். சந்தோசம் இல்லை என்று சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகிவிடும்.

பெருநாள் முடிந்து அவர் வந்தார். வவுனியா பஸ் நிலையத்தில் தொப்பியோடும் ஒரு துணிப்பையோடும் நின்றார். காரைக் கண்டதும் சுற்றிவந்து பார்த்தார், ஆனால் தொடவில்லை. முன் இருக்கையில் ஏற்றினேன். தண்ணீரூற்று மட்டும் வழிநெடுக அவர்தான் கதைத்தார். அந்த ஒழுங்கையில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். பற்றைக்குள் போய், கிணற்றடி எங்கே, அறை எங்கே என்று தானே தேடிக் கண்டுபிடித்தார். அறை இருந்த இடத்தில் குந்தியிருந்து நிலத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். என் கையில் போட்டோக் கொப்பி மட்டும் இருந்தது.

திரும்பி வந்ததும், "புத்தகம் கொண்டந்தனீங்கதானே?" என்று கேட்டார்.

கொப்பியை நீட்டினேன். அவர் விரித்துப் பார்த்தார். நான் மளமளவென்று விளக்கம் சொன்னேன்: அவசரம், தரகர் சொன்னது, முத்திரை. அவர் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வாங்கோ, கேட்டுப் பார்ப்பம் என்று மட்டும் சொன்னார்.

கந்தோரில் இருந்த அலுவலர் நல்ல மனிதர்தான். கதிரை எடுத்துப் போட்டு இருத்தினார். கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலப் புத்தகம் எங்கே என்று கேட்டார். மாற்றிவிட்டோம் என்றேன்.

"அப்ப இந்தக் கார் இப்ப ஆற்ற பேரில?"

"என்ர பேரில."

"அப்ப இவருக்கு எண்டு என்ன கிடக்கு?"

நான் சாட்சி சொல்கிறேன், இவர் இங்கேதான் இருந்தார், அது இவருடைய வீடுதான் என்று எழும்பி நின்று சத்தம் போட்டேன். அலுவலர் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். கிளிநொச்சி. நீங்களே தொண்ணூற்றாறில் இங்கே வந்த ஆள், தொண்ணூறில் யார் எங்கே இருந்தார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. விண்ணப்பத்தை ஒரு கட்டுக்குள் செருகினார். வேறு ஏதாவது கிடைத்தால் கொண்டு வாருங்கள் என்று அவரிடம் சொன்னார்.

அன்று பின்னேரம் வவுனியாவுக்கு அவரைத் திருப்பிக் கொண்டுபோனேன். போகும்போது அவர் கதைக்கவில்லை. ஏசினால் நன்றாக இருக்கும் என்று நான் காத்துக்கொண்டே ஓட்டினேன். எனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கம், அதற்குத் திருப்பிச் சொல்லத் தெரியும். பஸ் நிலையத்தில் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, யன்னலுக்குள் குனிந்தார்.

"காரை என்னை விட நல்லா வச்சிருக்கிறீங்க தம்பி," என்றார்.

அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

பிறகு இரண்டு கடிதம் போட்டேன். முதலாவதற்கு, சுகமாக இருக்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை. அதற்கிடையில் பாதையும் பூட்டுப்பட்டது, சண்டையும் தொடங்கியது. கார் வன்னிக்குள் பழையபடி மண்ணெண்ணெயில் ஓடியது.

இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில் நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஒரு கிழமையில் வந்துவிடலாம் என்று மனைவி படலைக்குச் சங்கிலி போட்டாள். கார் புதுக்குடியிருப்பைத் தாண்டிக் கொஞ்சத் தூரம்தான் வந்தது. அதற்கு மேல் வழிமுழுக்க வாகனங்கள். தெருவோரம் விட்டுவிட்டு நடந்தோம். பிறகு நடந்ததையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அடையாள அட்டைகளும் காணி உறுதியும் இருந்த பை தண்ணீருக்குள் போய்விட்டது. என் இடுப்பில், பொலித்தீனில் சுற்றிக் கட்டியிருந்த காரின் பத்திரம் மட்டும் தப்பியது. தொழில்காரனின் பழக்கம், அவ்வளவுதான்.

வவுனியா முகாமில் ஏழெட்டு மாதம். ஒருநாள் முள்ளியவளை ஆட்களை ஊருக்கு அனுப்பப் பதிகிறார்கள் என்றார்கள். வரிசையில் மனைவியும் நானும் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வயதானவரிடம் காட்ட ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. அவரை அங்காலே நிற்கச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் நிமிர்ந்து பார்க்காமலே, முள்ளியவளையில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

இடுப்பிலிருந்து பொலித்தீனை அவிழ்த்தேன். பத்திரத்தை விரித்து மேசையில் வைத்தேன். அவர் விரலை வைத்து விலாசத்தை எழுத்தெழுத்தாக வாசித்தார். கார் எங்கே என்று கூடக் கேட்கவில்லை.

"இது காணும்," என்று சொல்லி எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் பதிந்தார்.

வரிசையை விட்டு வெளியே வந்ததும் அழுகை வந்தது. மறைக்க இடமில்லை. மனைவி என் கையிலிருந்த பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள். சின்ன எழுத்தில் அந்தப் பெயர் இருந்த இடத்தில் அவளுடைய விரல் நின்றது.

"இதைத்தானே அந்த மனுசன் எங்களிட்டக் கேட்டது," என்றாள்.

ஓம் என்றேன்.